வயது போடாத போர்டு

போர்டைத் தமிழிலும் எழுத வேண்டும் என்று வார்டு ஆபீசில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டது நாங்கள்தான். அதனால் பின்னால் நடந்ததற்கெல்லாம் முனிசிபாலிட்டியைத் திட்டி மனதை ஆற்றிக்கொள்ள எனக்கு வழியில்லாமல் போயிற்று. திட்டுவதில் நான் கெட்டிக்காரி என்பதால் இது கொஞ்சம் பெரிய இழப்பு.

நாங்கள் என்றால், தாராவியின் தமிழ்ச் சந்துகளைச் சேர்ந்த ஆறேழு பேர். எல்லோரும் இருபதை ஒட்டிய வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷின் ஓடாத ஒரு தையல் பட்டறையின் மேல்தளத்தில் கூடுவோம். பட்டறை எங்களில் ஒருவனுடைய வாப்பாவுக்குச் சொந்தம். துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, எங்கள் முனிசிபல் ஆஸ்பத்திரியான தவாக்கானாவில் இளைஞர்களுக்கென்று ஓர் அறை வேண்டும், அதில் மனநல ஆலோசகர் ஒருவர் உட்கார வேண்டும், அதுவும் காலேஜும் வேலையும் முடிகிற சாயங்கால நேரத்தில் உட்கார வேண்டும் என்று மனு எழுதினோம். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற இடத்தில் மனசுக்கும் ஓர் ஆள் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் எங்கள் கேள்வி.

மற்றவர்களுக்கு அது கொள்கை. எனக்கு அது என் தங்கை.

மாட்டுங்காவில் ஒரு காலேஜில் சேர்ந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. ரயில் ஏறப் போனால் நெஞ்சை அடைக்கிறது என்று பிளாட்பாரத்திலிருந்தே திரும்பி வர ஆரம்பித்தாள். நெஞ்சை எல்லாவிதமாகவும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்கள். அந்த 'ஒன்றுமில்லை' அவளை இன்னும் மோசமாக்கியது. எங்கள் வீடு ஒற்றை அறை; அதற்குமேல் ஏணி வைத்து ஏறுகிற, பரண் மாதிரி ஒரு மாளா. அந்த மாளாவில் ஏறிப் படுத்தவள் சாப்பாட்டுக்குக்கூட இறங்குவதில்லை. அம்மா கீழே உட்கார்ந்து கூலிக்குத் துணிகளில் நூல் வெட்டிக்கொண்டே அவ்வப்போது மேலே நிமிர்ந்து பார்ப்பாள். கோயிலுக்கு நேர்ந்தாள், தர்காவில் மந்திரித்துக் கயிறும் கட்டினாள். அப்பா போன பிறகு அம்மா ஒருநாளும் அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவின் தைரியம் என்று அதை எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன்.

மனுவுக்காகச் சந்து சந்தாகப் போய், எங்களைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் கேட்டோம். மனசு சரியில்லையென்றால் எங்கே போவீர்கள்? போனில் பேசணும் என்றால் ரோட்டுக்குப் போவோம் என்றார்கள். ஒருத்தி மட்டும், "அழணும்னா பஸ்ல ஏறிருவேன்க்கா. கடைசி சீட்டு. யாரும் நம்மள பாக்க மாட்டாங்க, எல்லாம் மொபைல்தான்" என்றாள். அதை நான் மனுவில் சேர்த்தேன். வார்டு ஆபீசில் ஒருவர் அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

பல நடை நடந்து, அறை கிடைத்தது. மழைக்காலம் முடியும்வரை சோதனை முறையில் நடத்திப் பார்ப்போம் என்றார்கள். வாசலில் போர்டு வைப்பது என்று பேச்சு வந்தபோது மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் என்று மூன்றைச் சொன்னார்கள். உடனே எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. சுற்றி இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்க, தமிழ் எங்கே? அன்றுதான் மேசை தட்டப்பட்டது.

குழுவில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்த கடைசிக் கூட்டம். "மனசு கஷ்டமா இருக்கா? உள்ளே வாங்க, பேசலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். கீழே, பதினைந்து முதல் இருபத்துநான்கு வயதுவரை என்று ஒரு வரி. போர்டு எழுதியவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். என் எழுத்துகளைப் படம் வரைவதுபோல் வரைந்தார். முதல் வரியைத் தாராளமாக வரைந்ததில் இடம் தீர்ந்துவிட்டது. மற்ற மூன்று மொழியிலும் வயது இருந்தது, தமிழில் இல்லை. பரவாயில்லை, அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

தங்கையைச் சம்மதிக்க வைக்கக் கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் பேசாமலிருந்தேன். பேசாமலிருந்ததுதான் பலித்தது. ஒரு சாயங்காலம் அவளே தலை வாரிக்கொண்டு கிளம்பினாள். நான் செம்பூரில் ஆபீசில் இருந்தேன். ஒரு கூரியர் கம்பெனியில், பார்சல் வராதவர்களின் வசவை போனில் வாங்கிக்கொள்வது என் வேலை. அன்று யார் திட்டியும் எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் மாளாவில் இருந்தாள். ஏணியடியில் இருமல் மருந்து பாட்டில் ஒன்று இருந்தது.

நடந்தது இதுதான். தவாக்கானா வாசலில் எதிர்வீட்டு அத்தை பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். பொழுது போகாமல் போர்டை எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்திருக்கிறாள். முழுக்கப் படித்துவிட்டுத் திரும்பினால், என் தங்கை. "ஏளா, நீ இங்கன என்னத்துக்கு நிக்க? மனசு கஷ்டமா?" என்று கேட்டிருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆனால் பஸ் ஸ்டாப் முழுக்கக் கேட்கும்படி கேட்டிருக்கிறாள். இவள் இருமல் என்று சொல்லி, இருமியும் காட்டி, மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் இதைச் சொன்னபோது பட்டறைக்காரர் மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அரே யார், நம்மள்ல யாருக்கு தமிழ் படிக்கத் தெரியும்?" என்றான். அவ்வளவுதான் விஷயம். எங்கள் வயதுக்காரர்கள் ஹிந்தியும் இங்கிலீஷும் படிப்பார்கள். தமிழ் படிப்பவர்கள் எங்கள் அம்மாக்களும் அத்தைகளும் சித்தப்பாக்களும். யாருக்குத் தெரியக் கூடாது என்று பிள்ளைகள் பயப்படுகிறார்களோ, அவர்களுக்கென்றே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தோம். சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

போர்டை எடுக்கச் சொல்லி இன்னொரு மனு போட்டோம். தவாக்கானாவின் டாக்டர் மேடம், "வேண்டும் என்றும் நீங்கள்தான், வேண்டாம் என்றும் நீங்கள்தானா?" என்று ஹிந்தியில் கேட்டார். ஆமாம் மேடம், நாங்கள்தான் என்றேன். எங்களுக்காகச் செய்வதை எங்களைக் கேட்டுச் செய்தால் தப்பும் எங்களுடையதாகத்தானே இருக்கும் என்றும் சொன்னேன். போர்டு போயிற்று. கதவில் ஆறு என்ற எண் மட்டும் மிஞ்சியது. பல்வலிக்கும் கண்ணுக்கும் கொடுக்கிற அதே கேஸ் பேப்பர் சீட்டு, அதே வரிசை. பேர் எழுதாத பதிவு. ஆறாம் கதவுக்குள் யார் எதற்காகப் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

தங்கை போனாள். மறுவாரமும் போனாள். உள்ளே என்ன பேசுகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அவள் கீழே அம்மாவோடு உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. பாத்திரம் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மழை முடிந்ததும் வார்டு ஆபீசில் கூட்டம் போட்டார்கள், அறையைத் தொடர்வதா மூடுவதா என்று. தங்கை வருகிறேன் என்றாள். அவள் வருகிறாள் என்பதால் அம்மாவும் வந்தாள். "அவ பேரு உன் வாயில வந்துச்சு, அப்புறம் இருக்கு. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வரணும்" என்று வழியெல்லாம் எனக்கு எச்சரிக்கை.

அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பதிவில் எண்கள்தான் இருக்கின்றன, ஆட்கள் எங்கே? பயன் பெற்ற ஒருவராவது பேசட்டுமே என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் தெரியாது என்பதால்தான் பிள்ளைகள் அங்கே வந்தார்கள். இப்போது அந்த அறையைக் காப்பாற்ற யாராவது எழுந்து நின்று தெரியப்படுத்த வேண்டும். இதை யோசிக்காமல் விட்டிருந்தோம். தங்கையின் கை என் முழங்கையைப் பிடித்தது, ஈரமாக. அவள் எழுந்துவிடுவாளோ என்று பயந்தேன். அறை மூடிவிடுமோ என்றும் பயந்தேன். எந்தப் பயம் பெரிது என்று தெரியவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஹம் ஜாத்தா ஹை, சாப்." நான் போகிறேன் என்கிறாள்.

அதிகாரி வயது கேட்டார். நாற்பத்தாறு என்றாள். ஹாலில் சிலர் சிரித்தார்கள். இது இளைஞர்களுக்கான அறையாச்சே அம்மா என்றார் அவர். அம்மா என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "தமிழ் போர்டுல வயசு போடலியே. மனசு கஷ்டமா இருந்தா வாங்கன்னுதான இருந்துச்சு. அவர்ட்ட சொல்லுட்டி." நான் எழுதிய வரியை நானே ஹிந்தியில் அவருக்குச் சொன்னேன். சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். இப்போதைக்கு நடக்கட்டும், அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று எழுதச் சொன்னார். அம்மா பேசியதாலா, நாங்கள் கொடுத்த காகிதங்களாலா, டீ நேரம் வந்துவிட்டதாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. ஜன்னலோரம் அம்மா, நடுவில் தங்கை, இந்தப் பக்கம் நான்.

"யம்மா, என்னமா பொய் சொல்லுத நீ" என்றேன், சந்தோஷத்தில்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "பொய்யில்லட்டி. போர்டு இருக்கும்போது ரெண்டு மட்டம் வாசல் வரைக்கும் போனேன். கால் வரல, வந்துட்டேன். மூணாவது மட்டம் உள்ள போயிரணும்னுதான் போனேன். போர்டக் காணல. மூடிட்டாவன்னு நெனச்சு அன்னைக்கு திரும்பிட்டேன்."

தங்கைதான் பேசினாள். "மூடலம்மா. ஆறாம் நம்பர் கதவு. வயசு கேட்டா நான் பேசிக்கிடுதேன். நாளைக்கு கேஸ் பேப்பர் நான் எடுத்துத் தாரேன்."

அம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. தங்கை எழுந்து, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் யாருக்கும் அம்மாவின் முகம் தெரியாதபடி மறைத்து நின்றாள்.