லேப்டாப்புக்கு எத்தனை ஓட்டை

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வயர்களில் ஒட்டும் வெள்ளை டேப்பில்தான். அதில் இரண்டு சொல்லுக்கு மேல் இடம் இருக்காது. பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்பதில் இன்றைக்கும் கை ஒரு நிமிஷம் நின்றுதான் நகரும். தப்பு கண்ணில் பட்டால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலில் எனக்கு மைக்செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டுவிழா, எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித் தபசுத் திருவிழா என்று வருஷம் முழுக்க எங்காவது ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருப்பேன். மைக்செட்காரன் என்றால் வாயும் பெரிதாக இருக்கும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நான் மைக்கில் பேசியது ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’ மட்டும்தான். அதையும் கூட்டம் வருவதற்கு முன்பே காலி நாற்காலிகளிடம் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எனக்குக் காது சூடாகிவிடும்.

கொஞ்ச வருஷங்களாகக் கல்யாண வீடுகளில் ஒரு புதுப் பழக்கம். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் லேப்டாப்போடு வருகிறார்கள். மாப்பிள்ளை டவுசர் போட்ட காலத்துப் படங்களை எல்லாம் பாட்டோடு ஓடவிட வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் டி.வி. இருக்கும், அல்லது மண்டபத்தின் புரொஜெக்டர் இருக்கும். வந்தவர்கள் லேப்டாப்பைத் தூக்கி, மாட்டுச் சந்தையில் விலாவைத் தடவுவதுபோல இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பார்கள். வயர் மாட்ட ஓட்டை இருக்காது. அப்புறம் என்னைத் தேடுவார்கள். நான் என் காக்கிப் பையைத் திறப்பேன். அதில் வகைக்கு ஒன்றாக வயர் வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் பெயர்களை அவர்கள் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தாலும் எது எந்த ஓட்டைக்கு என்று சொல்லிவிடுவேன்.

அதனால், என் மகளுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்து, ஆடித் தபசு முடிந்ததும் லேப்டாப் வாங்குவது என்று முடிவானபோது, வீட்டிலேயே அந்த விஷயம் தெரிந்தவன் நான்தான் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. வெளியே சொல்லவில்லை. எங்கள் வசதிக்கு ஒரு தடவைதான் வாங்க முடியும். அதை வைத்துக்கொண்டு நாலு வருஷம் அவள் தினமும் கோவில்பட்டி பஸ்ஸில் போய்வர வேண்டும். வாங்கின பிறகு, அந்த ஓட்டை இல்லையே, இந்த ஓட்டை இல்லையே என்று அழுது பயனில்லை.

என் மனைவியின் தம்பி துபாயில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். அப்போது லீவில் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டில் பேச்சை அவன்தான் ஆரம்பித்தான்.

“அத்தான், இப்ப வாரதுல ரெண்டே ஓட்டைதான். ரெண்டும் டைப்-சி. சார்ஜு, படம், பென்டிரைவு எல்லாம் அதுக்குள்ளயே போயிரும். பாக்கதுக்கு அப்பளம் மாதிரி இருக்கும்.”

“அப்ப அதுல எறும்பு பூந்துட்டுன்னா எல்லாமே போச்சுல்லா?” என்றாள் என் மனைவி.

“எக்கா, எறும்பு எதுக்கு லேப்டாப்புக்குள்ள போவுது?”

“நம்ம வீட்டு எறும்பு போவும்லே. டி.வி. ரிமோட்டுக்குள்ள குடும்பமே நடத்துது. அது கெடக்கட்டும், கேமராவுக்கு ஒரு கதவு உண்டா? நெனச்சா மூடிக்கிடணும். கனமும் ஆகாது. இவ பஸ்ஸுல நின்னுட்டுப் போறவ.”

மகள் ரசத்தைப் பிசைந்தபடியே சொன்னாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். போன் சார்ஜ் போடுத வயர்லயே இதுக்கும் சார்ஜ் ஏறணும். கிளாஸ்ல பிளக் பாயிண்டே ரெண்டுதானாம். அதுவும் கடைசி பெஞ்சுலயாம். போன் வயர்னா பவர் பேங்க்ல மாட்டிக்கிடலாம்.”

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் அந்த நேரம் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது புரொஜெக்டர். காலேஜ் என்றால் மேடை உண்டு, மேடை என்றால் புரொஜெக்டர் உண்டு. இந்தப் பக்கத்துப் புரொஜெக்டர்களின் லட்சணம் எனக்குத் தெரியும்.

“நாலு ஓட்டையாவது இருக்கணும்,” என்றேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

“நாலு ஓட்டை வேணும்னா புல்லாங்குழல் வாங்கிக் குடுங்க அத்தான்,” என்றான் மச்சினன். மகள் சிரித்ததில் ரசம் மூக்கில் ஏறிவிட்டது.

மறுவாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலுள்ள கடைக்கு மூன்று பேர் போனோம். நான், மகள், மச்சினன். தோளில் காக்கிப் பையும் தொங்கியது. தெருமுனையிலேயே மச்சினன் பார்த்துவிட்டான்.

“கச்சேரிக்கா போறோம்? இதை எதுக்குத் தூக்கிட்டு வாரிய?”

எங்கள் தொழிலில் வாயால் சொல்லும் எதையும் நம்ப முடியாது. ‘மண்டபத்துல எல்லாம் இருக்கு’ என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மாட்டிப் பார்த்தால்தான் நிஜம். அதனால் கடைக்காரர் மேஜையில் வைத்த ஒவ்வொரு லேப்டாப்பிலும் என் வயர்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஆட்டிப் பார்த்தேன். லூசாக இருக்கிறதா, கவ்விப் பிடிக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன்.

கடைக்காரர் சிறு வயதுக்காரர், பொறுமைசாலி. “அண்ணாச்சி, பொண்ணு பாக்க வாரவங்ககூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க,” என்றார்.

பிரிண்டருக்கு மை வாங்க வந்திருந்த ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவராம். “அவர் செய்யதுதான் சரி,” என்றார். “போன வருஷம் எம்மவன் ஒண்ணு வாங்கியாந்தான். பெரிய யு.எஸ்.பி. ஓட்டையே இல்ல. பிரிண்டரை எங்கன மாட்ட? எம் மூக்குலயா?”

“அதுக்குத்தான் ஹப்புன்னு ஒண்ணு விக்காங்கல்லா,” என்றான் மச்சினன். “அதை மாட்டிக்கிட்டா எல்லா ஓட்டையும் வந்துரும்.”

“ஓட்டையைத் தனியா, லேப்டாப்பைத் தனியா வாங்கவா? நல்ல கதையா இருக்கே. சட்டைக்குப் பித்தானைத் தனியாவா வாங்குதோம்?”

“உலகமே அதுக்கு மாறிட்டு அண்ணாச்சி.”

“உலகம் மாறட்டும் தம்பி. எம் பிரிண்டர் மாறலையே.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரரும் பார்த்தார். வாசலில் ரீசார்ஜுக்கு நின்ற ரெண்டு பேரும் திரும்பினார்கள். என் காது சூடாகத் தொடங்கியது. ஆனால் கையில், டி.வி.க்கும் புரொஜெக்டருக்கும் படம் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. வயர் இருந்தது. அது ஒரு தைரியம்போல. என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

“ஹப்பு நல்லதுதான். ஆனா ஹப்பை எவனும் கொண்டு வார மாட்டான். அவசரத்துல வீட்டுல வச்சுட்டுத்தான் வருவான். நான் வாரந்தோறும் பாக்கேன். வாசுதேவநல்லூர்ல ஒரு ஆண்டுவிழா. பேச வந்த சார் அரைமணி நேரம் மேடையில நிக்காரு, படம் வரல. பாவம், வேர்த்து ஊத்துது. ஓட்டை லேப்டாப்புலயே இருந்தா மறக்க முடியாது. அது கூடவே வரும்.”

எலுமிச்சைக் கடைக்காரர், “சரியாச் சொன்னிய!” என்று மேஜையைத் தட்டினார். மச்சினன்கூடத் தலையை ஆட்டினான். இத்தனை பேர் நடுவில் ஏழெட்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் நான் பேசியது அதுவே முதல் தடவை. எனக்கே என் குரல் நன்றாகத்தான் இருக்கிறதோ என்று தோன்றியது.

கறுப்பாக, தடியாக ஒன்று என் எல்லா வயரையும் ஏற்றுக்கொண்டது. யு.எஸ்.பி. மூன்று, எச்.டி.எம்.ஐ., இன்டர்நெட் வயருக்கு ஒன்று, கேமரா கார்டுக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று. ஒரு ஓரத்தில் டைப்-சி கூட இருந்தது. கேமராவுக்குச் சின்னக் கதவும் இருந்தது. “இதான்,” என்றேன். கடைக்காரர் பெட்டியை எடுத்து வந்தார். மகள் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் என்னைப் போலத்தான், வெளியிடத்தில் வாய் திறக்க மாட்டாள்.

பெட்டியைப் பிரித்துச் சார்ஜரை மேஜையில் வைத்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். அரைச் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி. அதன் முனையில் உருண்டைப் பின்.

மகள் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். “அப்பா, இதுல போன் வயர்ல சார்ஜ் ஏறுமா?”

“அதுல ஏறாதும்மா,” என்றார் கடைக்காரர். “இந்த மாடல்ல டைப்-சி பென்டிரைவு போட மட்டுந்தான். சார்ஜுக்கு இந்த உருண்டைப் பின்தான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையிலிருந்த அத்தனை வயரையும் மாட்டிப் பார்த்தவன், சார்ஜ் போடும் ஓட்டையை மட்டும் பார்க்கவேயில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. கல்யாண வீட்டுக்கு வருகிற யாரும் என்னிடம் சார்ஜர் கேட்டதில்லை. அதை அவரவர் கொண்டுவந்துவிடுவார்கள். என்னிடம் கேட்பது பிளக் பாயிண்ட் மட்டும்தான். நான் போகிற இடத்தில் கரண்டுக்குப் பஞ்சம் கிடையாது, ஏனென்றால் கரண்டை இழுத்துக் கொடுப்பதே நான்தான். மகளுக்கோ ஒரு கிளாஸுக்கு ரெண்டு பிளக். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

எல்லோரும் பில் போடக் காத்திருந்தார்கள். எலுமிச்சைக் கடைக்காரர் மைப் புட்டியை வைத்துக்கொண்டு இன்னும் என்னைப் பாராட்டுகிற முகத்தோடு நின்றார். இத்தனை பேச்சுப் பேசிவிட்டு எப்படி மாற்றிச் சொல்வது? அப்படியே பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் படியில் ஏறுவதுபோல ஒரு காட்சி கண்ணில் வந்தது.

“இது வேண்டாம்,” என்றேன். “நான் பாக்காம விட்டுட்டேன். தப்பு என் பேர்ல. பிள்ளை போன் வயர்ல ஏறணும்ங்கா. அதை முதல்ல பாப்போம். மத்ததெல்லாம் பொறவு.”

“இதை நான் அன்னைக்கே சொன்னேம்லா?” என்றான் மச்சினன்.

“நீ சொல்லல மாமா. நான்தான் சொன்னேன்,” என்றாள் மகள்.

பிறகு அவளே மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் போன் வயரை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். என்னைப் போலவே கொஞ்சம் ஆட்டியும் இழுத்தும் பார்த்தாள். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று அமைந்தது. போன் வயரில் சார்ஜ் ஏறியது. எச்.டி.எம்.ஐ. ஒன்று, பெரிய யு.எஸ்.பி. இரண்டு. கார்டுக்கும் இன்டர்நெட் வயருக்கும் இடமில்லை. கேமராவுக்குக் கதவும் இல்லை. வீட்டில் என் மனைவி அதைத் தூக்கிப் பார்த்து, கனம் பரவாயில்லை என்றாள். பிறகு மகளின் பொட்டு அட்டையிலிருந்து கறுப்புப் பொட்டு ஒன்றை எடுத்துக் கேமராவில் ஒட்டினாள். லேப்டாப்புக்குத் திருஷ்டியும் கழிந்தது.

போன வாரம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சிவகிரியில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்ததும் மாப்பிள்ளையின் கூட்டாளி ஓட்டை இல்லாத ஒல்லி லேப்டாப்போடு வந்து நின்றான். அந்த மண்டபத்தில் பழைய புரொஜெக்டர். வி.ஜி.ஏ. என்று சொல்லுகிற, மூன்று வரிசை ஊசி உள்ள பெரிய பின்தான் அதற்குச் சேரும். இப்போது எந்த லேப்டாப்பிலும் அந்த ஓட்டை வருவதில்லை. அதற்கென்று சாண் நீளத்தில் ஒரு மாற்று வயர் வைத்திருக்கிறேன். பையைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டேன். “நேத்தே எடுத்துட்டுப் போறேன்னு சொன்னா. உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்,” என்றாள் மனைவி. “இன்னைக்கு அவளுக்கு கிளாஸ்ல ஏதோ படம் போட்டுப் பேசணுமாம். அங்கன இருக்குத புரொஜெக்டரு பழசாம்.”

மாப்பிள்ளையின் கூட்டாளி என்னைப் பார்த்தான். மேடையிலிருந்து மாப்பிள்ளை பார்த்தார். சாப்பாட்டுப் பந்திக்குப் போகாமல் படம் பார்க்க உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். விஷயத்தை யாராவது சொல்லியாக வேண்டும். மைக் என் கையில்தான் இருந்தது.

“மன்னிக்கணும்,” என்றேன். ஸ்பீக்கர் நான் கட்டியது, நன்றாகவே கேட்டது. “படம் போடுத வயரை எம் மவ காலேஜுக்குக் கொண்டு போயிட்டா. அவளுக்கு இன்னைக்குப் பாடம் எடுக்கணுமாம்.”

மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர், “பிள்ளை படிக்கட்டும்வே! படத்தை நாங்க கையில வாங்கிப் பாத்துக்கிடுதோம்!” என்று சத்தம் போட்டார். அப்படியே நடந்தது. கூட்டாளி அந்த ஒல்லி லேப்டாப்பைச் சந்தனத் தட்டு ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போனான். ஜனங்கள் மாப்பிள்ளையின் டவுசர் படத்தைக் கிட்டத்தில் பார்த்து, இன்னும் கூடுதலாகவே சிரித்தார்கள்.

துபாய்க்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். “அத்தான், நாம கடையில விட்டுட்டு வந்த கறுப்புத் தடியன்னா அப்படித் தூக்கிட்டுச் சுத்த முடியுமா?” என்று கேட்டான் மச்சினன். முடியாதுதான்.

சாயங்காலம் மகள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வயரைக் கையில் தந்தாள். அவளுக்கு முன்னால் பேசவேண்டிய நாலு பேர் படம் வராமல் விழித்துக்கொண்டிருந்தார்களாம். இவள் பேசி முடித்ததும் எல்லோரும் இந்த வயரைத்தான் வாங்கிப் போட்டார்களாம். “பேசும்போது காது சூடாயிட்டுப்பா,” என்றாள். “எனக்கும்,” என்றேன்.

அதே மாதிரி இன்னொரு வயர் வாங்கி, வெள்ளை டேப்பில் ‘மகள்’ என்று எழுதி ஒட்டி, இன்றைக்குக் காலையில்தான் அவள் பைக்குள் வைத்தேன். பேனா கையில் இருந்ததால் இதையும் எழுதினேன்.

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை.