அதான் இன்னும் வரவில்லை

ரங்கூனை ஒட்டிய இன்சீனில் ஒரு கல்யாண வீட்டில் நலுங்குப் பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது, மேலே ஏறும் இடத்தில் என் குரல் உடைந்தது. சளி என்று நினைத்தேன். வெந்நீர், மிளகு, கற்கண்டு என்று தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தேன். உங்களுக்கும் குரல் கம்மல் சில வாரங்களில் போகவில்லை என்றால், கற்கண்டை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ரங்கூனில் நாட்டுப்பாட்டுக்குத் திடீரென்று மவுசு வந்திருந்த நேரம் அது. கிட்டாரும் கையுமாக ஓர் இளைஞர் குழு எங்கள் கும்மியையும் தாலாட்டையும் பாடி ஃபோனில் பரப்பியது. பாதிக்கு மேல் என்னிடம் கேட்டுப் பழகியவை. பாட்டுக்குக் கீழே ‘பாரம்பரியப் பாடல்’ என்று போட்டிருப்பார்கள். அந்தப் பாரம்பரியம் தாமுவே பேட்டையில் தன் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குக் கோபம்தான், மறைப்பானேன்?

குழுவை நடத்தும் மா தேவி ஒருநாள் வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, இந்தத் தடவை நீங்களே பாடுங்க. உங்க பேர்லயே போடுறோம்.”

பதிவுக்கு நாளும் குறித்தாயிற்று. குரலைச் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் மருத்துவமனைக்குப் போனேன்.

தைராய்டில் (கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி) கட்டி என்றார்கள். பயாப்ஸியில் (ஊசியால் சிறு துணுக்கெடுத்துப் பார்க்கும் சோதனை) புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. ஆனால் கட்டி மூச்சுக்குழாயை நெருக்கியதால் எடுத்தே ஆகவேண்டும். குரல்நாணுக்கு (தொண்டைக்குள் அதிர்ந்து ஓசை எழுப்பும் தசைமடிப்பு) போகும் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார்.

“ஸயாமா, அப்புறம் பாடலாமா?” என்று கேட்டேன். பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

“முதலில் நன்றாக மூச்சு விடுங்கள். பிறகு பார்க்கலாம்,” என்றார் பர்மிய மொழியில்.

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும்போது நர்ஸ் ஏதோ கேட்டாள். பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவள் வாசலில் நின்ற இன்னொரு நர்ஸிடம், “அதான் மலா தேபூ,” என்றாள். பர்மிய மொழியில் ‘அதான்’ என்றால் குரல். குரல் இன்னும் வரவில்லை என்று சொன்னாள்.

வெளியே என் கணவர் நின்றிருந்தார். தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். தூக்கத்தில் உளறுவதுகூடப் பர்மிய மொழியில்தான். ஆனால் பயத்தில் அவருக்குத் தமிழ்க் காது மட்டும் வேலை செய்திருக்கிறது. நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன்.

“வந்துட்டேன், வந்துட்டேன்! அத்தான் இங்கதான் நிக்கிறேன்!” என்று உள்ளே ஓடிவந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தோள் குலுங்கியது, தையல் வலித்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகே எனக்கு விஷயம் விளங்கியது.

நரம்பு அறுபடவில்லை, அடிபட்டிருக்கிறது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. தண்ணீர் குடிக்கும்போது புரையேறாமலிருக்க மோவாயைத் தாழ்த்தச் சொன்னார். கிசுகிசுப்பாகப் பேசவே கூடாது என்றார். அது தொண்டையை இன்னும் இறுக்குமாம். இதை நீங்களும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் கைதட்டித்தான் கூப்பிட்டேன். எங்கள் சண்டைகளில் அத்தான் முதன்முறையாக ஜெயிக்க ஆரம்பித்தார். அது அவருக்கே பிடிக்கவில்லை. மா தேவி வந்து, “நாங்க பாடி உங்க பேரைப் போட்டுடறோம் அக்கா,” என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் போன பிறகு அழுதேன். அழுகைக்கும் சத்தமில்லை.

பேச்சுப் பயிற்சியில் ‘ம்’ என்று முனகக் கற்றுக்கொண்டேன். மழைக்காலம் போய்க் குளிரும் வந்துவிட்டது. மெல்ல மெல்ல ஒரு குரல் வந்தது, தடித்த, தாழ்ந்த குரல். ஃபோனில் என் நாத்தனார், “அண்ணே, அண்ணி எங்கே?” என்று என்னிடமே கேட்டாள்.

தள்ளிப்போயிருந்த பதிவுக்கு அந்தக் குரலோடுதான் போனேன். மைக்கின் முன்னால் செங்கமலம் என்று என் பெயரைச் சொன்னேன். சொன்னது யாரென்று ஒரு கணம் எனக்கே சந்தேகம்.

என் குரலுக்கு ஏற்பக் கிட்டாரின் சுருதியைக் கீழிறக்கினார்கள். முன்பெல்லாம் கும்மியில் ஒரே மூச்சில் நான்கு அடி போவேன். இப்போது ஓர் அடிக்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. நான் நிறுத்தினேன். கிட்டாரும் நின்றது. கையெடுத்து மன்னிப்புக் கேட்கப் போனேன். மா தேவி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நெஞ்சு நிறையும்வரை மூச்சை இழுத்தேன். அவசரமே படவில்லை. அடுத்த அடி, நான் விட்ட இடத்திலேயே இருந்தது.