தவமணி எடுத்த முகங்கள்

தலவாக்கலையில் ஒரு கல்யாணத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிய நேரத்தில் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. சடங்கு முடிந்ததும் மண்டபத்துப் படிக்கு வந்து பேசினேன். தவமணியின் தம்பி. “அண்ணே, அக்கா போயிருச்சுண்ணே” என்றான். உள்ளே திரும்பிப் போய் மிச்சத்தையும் எடுத்து முடித்தேன். அந்தப் படங்களை இன்னும் நான் திறக்கவில்லை.

ஹட்டனில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கல்யாணங்களுக்குப் போவோம். நான் வீடியோ, அவள் புகைப்படம். வேலை இல்லாத நாட்களில் அவள் தனக்கென்று எடுப்பாள். மூடுபனி, பச்சை மலை, கூடையோடு சிரிக்கும் பெண். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஒருநாள் தன் படங்களையும் வேறு சிலருடைய படங்களையும் கலந்து எங்கள் போட்டோக் கடை மேசையில் பரப்பினாள். “இதுல என்னோடது எதுன்னு சொல்லுங்கண்ணே.” நான் காட்டியது வேறொருவருடையது. அவள் கோபப்படவில்லை. “எனக்கே தெரியல” என்று எல்லாவற்றையும் அள்ளி உறைக்குள் போட்டாள். அதன்பிறகு பல மாதங்கள் கல்யாண வீட்டுக்கு வெளியே அவள் கேமராவைத் தொடவே இல்லை.

கொட்டகலைப் பக்கம் ஒரு வேலை முடிந்து வரும்போது, சுற்றுலா வேன் ஒன்று நின்றிருந்தது. ரோட்டோரமாக நின்று, கீழே தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தவமணி கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தாள். பிறகு பையை என்னிடம் கொடுத்துவிட்டுச் செடிகளுக்குள் இறங்கினாள். பெண்களுக்கும் கீழே போய் நின்று அண்ணாந்து எடுத்தாள். ஏறி வந்தபோது காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம்.

“எங்கம்மா வேல செஞ்ச மலைண்ணே. இத்தன நாளா அத நானும் வேன்ல வந்தவ மாதிரியே பாத்திருக்கேன்.”

அதன்பின் அவள் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. முதலில் பேசுவாள், சேர்ந்து தேத்தண்ணி குடிப்பாள். அவர்கள் கேமராவை மறந்த பிறகுதான் எடுப்பாள். களைப்பு, எரிச்சல், பிடிவாதம் எல்லாம் அந்த முகங்களில் இருந்தன.

கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. கூடையோடு சிரிக்கும் படம் ஒன்றாவது வேண்டும் என்றார்கள். “அது எங்கிட்ட இல்லைங்க” என்றாள். அப்படிப்பட்ட படங்கள் பழைய உறை நிறைய அவளிடம் இருந்தன. போனை வைத்துவிட்டு அழுதாள். அந்த வாய்ப்பை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது எனக்குத் தெரியும். அது கிடைக்கவில்லை.

பிறகு கொட்டகலையில் ஒரு பள்ளி மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானே படங்களை மாட்டினாள். இன்று அவளை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பார்வதி அக்கா தன் படத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றது நினைவிருக்கும்.

“ஏம்புள்ள, நா இவ்ளோ கோவக்காரியா?”

“அன்னைக்கு மலையில வேல வாங்குற கண்டாக்கையாவோட சண்ட போட்டுட்டு வந்தீங்களே, அக்கா.”

“ஆமால்ல! இருக்கட்டும், இருக்கட்டும். அந்தாளும் வந்து பாக்கட்டும்.”

மண்டபமே சிரித்தது. தவமணி அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

சிறுநீரக நோய் அவளைப் படுக்கவைத்த பிறகு, புகைப்பட வேலையும் என்னிடமே வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, நான் தோட்டங்களில் எடுத்த சில படங்களைப் போனில் காட்டினேன். ஊசி குத்திய கையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

“நல்லாருக்குண்ணே. ஆனா எல்லாம் நா எடுத்த மாதிரியே இருக்கு. நீங்க எப்ப எடுக்கப் போறீங்க?”

மெல்லச் சிரித்தாள். நானும் சிரித்து, பேச்சை மாற்றிவிட்டேன்.

அவளுடைய கேமராவை அவள் தம்பி கொண்டுவந்து தந்தான். அவனையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். எனக்கென்று அவள் விட்டுப்போனது அந்தக் கேள்விதான். அதற்குப் பதிலாக நீட்ட இன்றுவரை என்னிடம் ஒரு படமும் இல்லை. என்றாவது ஒன்று கிடைத்தாலும், அதைப் பார்த்து “இது உங்களோடதுதாண்ணே” என்று சொல்ல அவள் இல்லை.