பிணத்தின் மூச்சு

எழுபதுகளில் ஒருநாள், மயிலாப்பூரில் ஒரு தியேட்டரில் உளவாளிப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியான ஆட்டம், கூட்டமே இல்லை. பக்கத்தில் இருந்தவர் ஒடிசலான ஆள், கழுத்தோரம் பவுடர் திட்டு. இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் அவராகவே கேட்டார். "படம் எப்டி கீது நைனா?"

"கார்ல தொரத்துறது பிரமாதங்க. ஆனா ஹீரோ கறுப்புக் கண்ணாடி போட்டதும் வில்லனுக்கு ஆளையே தெரியலங்கிறது..." என்று கூச்சத்தோடு இழுத்தேன்.

"அத்த வுடு. இனிமே கார் டிக்கியில ஒரு பொணம் வரும். அது நான்தான். நெஞ்சு ஆடுதான்னு பாத்துச் சொல்லு. ஆடிச்சின்னா அடுத்த படத்துக்குக் கூப்ட மாட்டாங்கோ."

இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில் திரையில் டிக்கி திறந்தது. உள்ளே கிடந்தவரின் நெஞ்சு லேசாக ஏறி இறங்கியது. இதை எப்படிச் சொல்வது என்று தயங்கியபடி திரும்பினேன்.

பக்கத்தில் அவர் வாய் பிளந்து சாய்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. நெஞ்சு அசையவே இல்லை. பதறிப்போய்க் கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

டிக்கி மூடியது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆடிச்சா?"

"இல்லீங்க" என்றேன்.

அவர் சிரித்தார்.

இப்போதும் படத்தில் யாராவது செத்தால், கதையை விட்டுவிட்டு நெஞ்சைத்தான் பார்க்கிறேன். பிறகு, மெதுவாக, பக்கத்து நாற்காலியை.