ஆறு கேன் ஆசிட்டும் சூசைராஜ் சாரும்

சூசைராஜ் சார் தவறிவிட்ட செய்தி நம் கோடவுனின் இந்த வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அரை மணி நேரத்தில் கும்பிட்ட கைகள் வந்து குவிந்தன. "ஒரு பேப்பர் பிசகாத மனிதர்" என்று நம்மில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவுச் செய்தியைப் படித்துச் சிரிக்கிறேனே என்று என் மனைவி முறைத்தாள்.

புதுக்கோட்டை ரசாயன கோடவுனில் அவர் டிஸ்பாட்ச் மேனேஜர். பக்கத்து மேசையில் பதினோரு வருஷம் நான் கிளார்க். ஆபத்தான சரக்கு ஏற்றினால் அது என்ன, எவ்வளவு, கொட்டினால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொரு லோடுக்கும் தனியாக எழுதி டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். சாருக்கு அது வீண்வேலை. லாரிக்கு ஒரு பேப்பர் எழுதி லேமினேஷன் போட்டு, ஆர்சி புக்கோடு நிரந்தரமாக வைத்துவிட்டார். சரக்கு மாறும், பேப்பர் மாறாது. ஆயுதபூஜை அன்று லாரிக்குப் பொட்டு வைக்கிற கையோடு அதற்கும் வைப்போம். ஒரு வருஷம் குங்குமம் சரியாக அவசர போன் நம்பர் மேலேயே அப்பிக்கொண்டது. துடைக்கப் போனேன். "விடுங்க தம்பி, சாமி காரியம். அந்த நம்பருக்கு அடிச்சா நான்தானே எடுக்கணும்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

"பேப்பருங்கிறது போலீசுக்குத் தம்பி. சரக்குக்கு வாசிக்கவா தெரியும்?" என்பது அவர் அடிக்கடி சொல்வது. தலைமை ஆபீசிலிருந்து ஆய்வுக்கு வந்தவர் அந்த லேமினேஷன் அட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் பார்த்ததில்லை என்று சால்வை போர்த்திவிட்டுப் போனார். தேதி போட்டிருக்கிறதா என்று பார்க்கக்கூட அந்தப் பெரிய மனிதருக்குத் தோன்றவில்லை.

மணமேல்குடிப் பக்கம் இறால் பண்ணைக்கு பிளீச்சிங் பவுடர் போன நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். அதே பண்ணை ஆறு கேன் ஆசிட்டும் கேட்டிருந்தது. பிளீச்சிங்கும் ஆசிட்டும் ஒரே வண்டியில் போகக்கூடாது, கலந்தால் விஷவாயு. இன்னொரு லாரி சொல்ல சாருக்குச் சோம்பல். டிரைவர் பழனிவேல் வருவதற்குள் கேன்களை உள்ளே ஏற்றி, முன்னால் மூட்டைகளை அடுக்கி, தார்ப்பாய் கட்டச் சொல்லிவிட்டார். பிளீச்சிங் பவுடர் என்று மட்டும் போட்ட அந்த லாரியின் அட்டையை, ஆர்சி புக்கோடு பழனிவேலிடம் கொடுத்தவன் நான்.

"உள்ள பிளீச்சிங் மட்டுந்தானேண்ணே?"

"பேப்பர்ல பாரேன், போட்டிருக்குல்ல?" என்றேன்.

அறந்தாங்கி தாண்டி வண்டி கவிழ்ந்தது. ஓடி வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள், வெறும் பிளீச்சிங்தானே என்று மூட்டைகளைப் புரட்டினார்கள். வாயு கிளம்பியதும் அவர்களை வெளியே இழுத்துத் தள்ளியவன் பழனிவேல். அவர்கள் பிழைத்தார்கள். இவன் நுரையீரல் வெந்துபோயிற்று.

விசாரணை வந்தபோது சூசைராஜ் சார் அசரவில்லை. அதே அட்டையின் நகலை எடுத்து நீட்டினார். "எங்க பேப்பர்ல ஆசிட்டே இல்லைங்க. டிரைவர் வழியில திருட்டுத்தனமா ஏத்திருக்கான்." அவ்வளவுதான். பழனிவேலின் லைசென்ஸ் போயிற்று. நாம் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம், என்னவோ அங்கே சில்லறை விழுந்துவிட்ட மாதிரி.

அவரிடம் நல்லது ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். என் மனைவியின் பிரசவத்தில் ரத்தம் கொடுத்தவர் அவர். அந்த நன்றிக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். பழனிவேல் பட்ட நன்றிக்கடனா அது? நான் பட்டது. அதைப் பழனிவேல் தலையில் கட்டினேன். சூசைராஜ் சார் மேல் எனக்கு இருக்கும் அருவருப்பில் சரிபாதி என் மேல்தான்.

ஆவூரில் அடக்கம் முடிந்ததும் குளத்தூருக்குப் போனேன். பழனிவேல் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. லைசென்ஸ் இருந்தாலும் ஓட்ட முடியாதாம். ஆனால் சரக்கு ஏத்தின திருடன் என்று மச்சினன்கூட அவனைத் தன் வண்டிக்குக் காவலாக வைக்க மாட்டேன் என்றானாம். செய்தியைச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அழுதுவிட்டான்.

"சாரும் போய்ட்டாங்களா? என்னைக்காச்சும் அவுக வாயால சொல்லுவாகன்னு இருந்தேனேண்ணே. இனிமே யாருண்ணே சொல்லுவா, நான் ஏத்தலைன்னு?"

சூசைராஜ் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம். அதை இதே குழுவில் இறக்கி வைக்கிறேன். ஆறு கேன் ஆசிட்டும் நம் கோடவுனில்தான் ஏறின. ஏற்றச் சொன்னவர் சூசைராஜ். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பழனிவேல் ஏற்றவில்லை. இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்டிஓ ஆபீசில் கொடுக்கப் போகிறேன். கும்பிட்ட கைகளைக் குழுவில் போட்டவர்களில் மூன்று பேர் அன்று தார்ப்பாய் கட்டியவர்கள். அந்தக் கைகளோடு அவர்களும் வரலாம்.