கை மட்டும் டீச்சருடையது

என் மனைவி மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறாள். பிள்ளைகள் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது தெரியவந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "எனக்குப் போய் எக்ஸ்பிரஸ்னு பேராங்க, நான் என்ன அவ்வளவு வேகமாவா இருக்கேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினாள். நான் சிரிப்பதற்காகச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

வேகம்தான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் எப்போதும் இருப்பாள். நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அவள்தான் முடிப்பாள். பாதி நேரம் நான் சொல்ல வந்தது அதுவாக இருக்காது. ஆனால் அவள் முடித்தது என்னுடையதைவிட நன்றாக இருப்பதால் விட்டுவிடுவேன். கல்யாணமான புதிதில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நோய் பரவ ஆரம்பித்ததும் முதலில் படுத்தது என் தொழில்தான். முன்பின் தெரியாத ஒருவரோடு கண்ணாடி ஏற்றிய காரில் யார் உட்காருவார்கள்? வண்டியை உறை போட்டு மூடிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிறவனைக் கண்டால் என் மனைவிக்கு ஆகாது. அந்த ஆண்டின் கடைசிப் பருவம் முழுக்க என்னை அவள் உதவியாளாக வைத்துக்கொண்டாள்.

அந்தப் பருவம் எப்படிப் போனது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. "டீச்சருக்கென்ன, வீட்டிலிருந்தே சம்பளம்" என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார். எனக்குக் கெட்ட வார்த்தை வாய்வரை வந்தது. பாடம் எடுக்கும்போது பாதிப் பிள்ளைகள் கேமராவை மூடிவைத்திருப்பார்கள். இருக்கிறார்களா, தூங்குகிறார்களா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். செய்முறை நோட்டுகளைப் படமெடுத்து அனுப்புவார்கள். பக்கம் தலைகீழாக இருக்கும், இல்லாவிட்டால் எழுத்துமேல் யாருடைய கட்டைவிரலாவது இருக்கும். அதையெல்லாம் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துத் திருத்தி, கடைசியில் கழுத்துக்கு என்னைத் தைலம் தேய்க்கச் சொன்னாள். இதற்கு நடுவில் தலைமையாசிரியை குரல் பதிவு அனுப்பிக்கொண்டே இருப்பார். மதிப்பெண்ணை ஏற்றியாச்சா, வருகைப்பதிவு எங்கே, யார் யார் வீட்டில் காய்ச்சல்? இரண்டு மாணவர்கள் வீட்டில் சாவு விழுந்திருந்தது. அந்தப் பிள்ளைகளிடம் பேசும்போது மட்டும் என் மனைவி மெதுவாகப் பேசினாள்.

இதெல்லாம் முடிகிற நேரத்தில் செய்முறைத் தேர்வு வந்து நின்றது. மற்றப் பாடங்களுக்கு வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் வேதியியலுக்குக் குடுவை வேண்டும், அமிலம் வேண்டும். பள்ளிக்கூடமோ பூட்டிக் கிடக்கிறது. போன தேர்வின் சராசரியைப் போட்டுவிடலாம் என்றார்கள் தேர்வு அலுவலகத்தில். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "போன தேர்வுல பாதிப் பேருக்குக் காய்ச்சல். காய்ச்சலுக்கா மார்க் போடுறது?" என்று கேட்டாள்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தேர்வு அலுவலகத்திலிருந்து எண் போட்ட பாட்டில்களில் அமிலம் வரும். குடுவையும் மற்றதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும். மாணவர் வீடியோவில் வந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும், டீச்சர் அதை அப்படியே செய்வாள். சரியாகச் சொன்னால் சரியாக, தப்பாகச் சொன்னால் தப்பாக. மூளை அவர்களுடையது, கை மட்டும் டீச்சருடையது. வழக்கமாக வெளியிலிருந்து வரும் தேர்வாளர் இந்தமுறை தன் வீட்டிலிருந்தே பார்த்து மார்க் போடுவார். சரியான விடை அவருக்கு மட்டுமே தெரியும்.

அலுவலகம் சம்மதித்தது. சாப்பாட்டு மேசை பறிபோனது. நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான்தான் கேமரா ஸ்டாண்டு. என் போனைக் குடுவைக்கு நேராக ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாணவரின் முகம் மடிக்கணினியில் தெரியும்.

சோதனை பெரிய விஷயமில்லை என்று என்னிடம் சொன்னாள். மேலே பியூரெட் என்று ஒரு நீளக் கண்ணாடிக் குழாய், அளவுக் கோடு போட்டது, அடியில் ஒரு திருகு. கீழே குடுவையில் அமிலம், அதில் நிறம் காட்டுகிற திரவம் இரண்டு சொட்டு. திருகைத் திறந்தால் மேலிருந்து அமிலத்தை முறிக்கிற காரம் சொட்டும். அமிலம் முழுக்கத் தீர்ந்த நொடியில் தண்ணீர் மாதிரி இருந்தது லேசான ரோஸ் நிறமாகும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு முன்னாலும் தப்பு, பின்னாலும் தப்பு. எத்தனை மில்லி இறங்கியது என்று கோட்டைப் பார்த்துச் சொன்னால் முடிந்தது.

முதல் நாள் வந்த பையன், "திறங்க டீச்சர்" என்றான். திறந்தாள். அதோடு அவன் இணையம் நின்றுவிட்டது. அவன் வாய் பாதி திறந்தபடி திரையில் உறைந்திருக்க, என் மனைவி விதிப்படி ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் கண்ணால் ஜாடை காட்டுகிறேன், அவள் என்னை முறைக்கிறாள். அவன் திரும்பி வந்து "நிறுத்துங்க" என்றபோது குடுவையில் பெயின்ட் கரைத்த மாதிரி இருந்தது. தேர்வாளர் நல்லவர், மறுபடி ஒரு வாய்ப்புக் கொடுத்தார். காரில் என் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு, அது இல்லாமல் நான் யாரையும் ஓட்டவிட மாட்டேன். இவள் பிரேக் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

சிக்கல் கொக்கிடம் வந்தது.

கொக்கு என்பது ஒரு மாணவிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். பியூரெட் முன்னால் நின்றால் அவள் அசையவே மாட்டாளாம், இமைகூடக் கொட்ட மாட்டாளாம். கடைசிச் சொட்டு விழும்வரை அப்படியே நிற்பாளாம். "இருபது வருஷத்துல இப்படி ஒரு கை நான் பாத்ததில்லை" என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதற்கான படிப்பில் அவளுக்கு இடம் கிடைப்பதாக இருந்தது. அவர்கள் பார்ப்பது இந்தச் செய்முறை மார்க்கைத்தான்.

அவளுக்குப் பேச்சு திக்கும். பரிசோதனைக் கூடத்தில் யாரும் பேசத் தேவையில்லாததால் இது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. இப்போது பேச்சேதான் தேர்வு.

ஒத்திகையில் அவள் "தி... தி..." என்று ஆரம்பித்தாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம், பக்கத்தில் தம்பிகளின் வகுப்பு, போதாததற்கு இணையம் விட்டுவிட்டு வந்தது. என் மனைவி வழக்கம்போல, "திறக்கணுமா?" என்றாள். அவள் தலையாட்டினாள். "எல்லாத்தையுமா? கொஞ்சமாவா? சொட்டுச் சொட்டாவா?" அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. தேர்வுக்கு வரவில்லை டீச்சர், சராசரியே போட்டுவிடுங்கள். போன தேர்வில் காய்ச்சலோடு எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. அந்தச் சராசரிக்கு அவள் கேட்ட இடம் கிடைக்காது.

என் மனைவி அதைப் படித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். "எல்லாருக்கும் நல்லது பண்றேன்னு கிளம்பி, இருக்கிறதுலயே நல்லா செய்யற பொண்ணை வெளிய தள்ளிட்டேங்க" என்றாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன், அவளும் முடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று கேட்டாள். "வாய் திக்கினப்ப அவ கை என்ன பண்ணிட்டிருந்தது, பாத்தீங்களா?"

"இல்லையே."

"நானும் அப்ப கவனிக்கலை. வாயையே பாத்துட்டிருந்தேன். இப்பதான் ஞாபகம் வருது. திருகைத் திருப்பிட்டிருந்தது."

அன்றே தேர்வாளரைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் தன் வீட்டில் ஒரு காலி டம்ளரை வைத்துக்கொண்டு கையால் செய்து காட்டட்டும், நான் அதைப் பார்த்து அப்படியே செய்கிறேன் என்றாள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "விதியில சொல்லணும்னுதான் இருக்கு, செய்து காட்டணும்னு இல்ல. வரட்டும் டீச்சர். பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார். அதையே பிடித்துக்கொண்டு என் மனைவி அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேசினாள், அப்பாவிடம் பேசினாள், டயர் கடைக்காரரிடம்கூடப் பேசி அந்த ஒரு மணி நேரம் காற்றடிக்க வேண்டாம் என்று சம்மதம் வாங்கிவிட்டாள்.

தேர்வன்று காலையில், வந்த பாட்டில் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று அவளே ஒருமுறை செய்து பார்த்தாள். எல்லா நாளும் அப்படிச் செய்வாள். நான் போனைப் பிடித்துப் பழகிக்கொண்டேன். அவளுக்கு வந்தது பத்து புள்ளி நான்கு. அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

கொக்கு திரையில் வந்தாள். முகம் பாதிதான் தெரிந்தது. கைகள் முழுசாகத் தெரிந்தன. இடது கை அந்தரத்தில் திருகைப் பிடித்தது, வலது கை எவர்சில்வர் டம்ளரின் கழுத்தைப் பிடித்தது. என் மனைவியும் பிடித்தாள். அந்தப் பெண் திருப்பினால் இவள் திருப்பினாள், அவள் டம்ளரைச் சுழற்றினால் இவள் குடுவையைச் சுழற்றினாள். திரையில் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்ததால் குடுவையைப் பார்க்க இவளுக்கு வழியில்லை. குடுவையைப் பார்த்து முடிவெடுத்தது, என் போன் வழியாக, அந்தப் பெண் ஒருத்திதான். நான் கையை ஆட்டாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வேகமாக இறங்கியது. பிறகு சொட்டுச் சொட்டாக. என் மனைவியின் கை இவ்வளவு நிதானமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. சொட்டு விழும் இடத்தில் ரோஸ் நிறம் தெரியும், சுழற்றினால் மறையும். அது மறைய எடுக்கிற நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதை அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்புறம் விளங்கியது. திடீரென்று அவள் கை நின்றது. இன்னும் நிறம் வரவில்லை. என் மனைவி ஓரக்கண்ணால் பியூரெட்டின் கோட்டைப் பார்த்தாள். பத்து புள்ளி இரண்டைத் தொட இன்னும் ஒரு மயிரிழை இருந்தது. காலையில் அவள் கண்ட அளவுக்கு இன்னும் நாலு சொட்டு போக வேண்டும். திருகின்மேல் அவள் விரல் துடித்ததை நான் பார்த்தேன். ஆனால் திருப்பவில்லை.

அந்தப் பெண் டம்ளரைத் தூக்கி, அதன் உள்பக்கச் சுவரை மேலே இருக்கிற குழாயின் நுனியில் தொடுகிற மாதிரி காட்டினாள். சொட்டாகத் திரளாமல் தொங்குகிற பாதித் துளியைத் தொட்டு எடுக்கிற வேலை. என் மனைவி தொட்டாள், சுழற்றினாள். குடுவை முழுக்க ரோஸ் நிறம் பரவி நின்றது. அவ்வளவு லேசாக இருந்ததால் அடியில் வெள்ளைத்தாள் வைத்திருக்காவிட்டால் தெரிந்திருக்காது.

நான் போனைக் குழாயின் கோட்டுக்கு நேராக உயர்த்தினேன். அளவைத் தாளில் எழுதிக் காட்டினாள் அந்தப் பெண். பத்து புள்ளி இரண்டு.

தேர்வாளர் தன்னிடமிருந்த உறையைப் பிரித்தார். "சரியான விடையும் பத்து புள்ளி ரெண்டுதான்" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன், ஈயாடவில்லை.

"ஆனா டீச்சர், எனக்கு ஒரு சங்கடம் இருக்கு" என்றார் அவர். "மத்த பசங்க வாயால சொன்னாங்க, நீங்க செஞ்சீங்க. அதை நான் காதால கேட்டேன். இங்க எல்லாம் உங்க கை. நீங்க இருபது வருஷ அனுபவம் உள்ளவங்க. காலையில பாட்டிலைச் சோதிச்சிருப்பீங்க. விடை தெரிஞ்சு நீங்களே சரியான இடத்துல நிறுத்தலைன்னு நான் எதை வச்சு எழுதுறது? சராசரிதான் போட முடியும்போல இருக்கு."

திரையில் அந்தப் பெண்ணின் கைகள் டம்ளரை விட்டுவிட்டன.

அதே அழைப்பில் தலைமையாசிரியையும் இருந்தார். தேர்வாளர் இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போகிறவர், அவரிடம் சொன்னது எல்லா ஆசிரியர் அறைகளுக்கும் போய்ச் சேரும். என் மனைவிக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் இருந்தது. அளவில் அவள் தவறியதே இல்லை என்பதுதான் அந்தப் பெயர். அந்தக் காலை நேரத்து அளவை, நானாக இருந்தால், சாகும்வரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

"சார், காலையில சோதிச்சேன்" என்றாள் அவள். "எனக்குப் பத்து புள்ளி நாலு வந்தது. அவசரப்பட்டு நாலு சொட்டு தாண்டிப் போயிருக்கேன், அதுகூட எனக்குத் தெரியலை. அதுதான் சரின்னு நெனச்சுட்டிருந்தேன். அவ கை நின்னப்ப தப்பா நிறுத்திட்டாளேன்னு மனசுக்குள்ள பதறினேன். என் இஷ்டத்துக்கு விட்டிருந்தா உங்க விடை வந்திருக்காது சார்."

தேர்வாளர், "இத்தனை வருஷத்துல எந்த டீச்சரும் தன் அளவு தப்புன்னு என்கிட்ட சொன்னதில்லை" என்றார். பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. "முழு மார்க் போட்டுட்டேன். அந்தப் பொண்ணுக்குச் சொல்லிடுங்க."

"அவ கேட்டுட்டுதான் இருக்கா சார், நீங்களே சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

அவர் சொன்னார்.