புதுத்தண்ணிக்குப் பூ

வெள்ளத்தில் தப்பிக்கப் பயிற்சி கொடுக்கிறவன் நான். எங்களைப் போன்ற பயிற்சியாளர்களுக்கென்று மாதாமாதம் வரும் செய்திமடலை வைத்துத்தான் உத்தமபாளையத்தில் வகுப்பெடுப்பேன். எச்சரிக்கை வந்தால் மேட்டுக்குப் போக வேண்டும் என்று முன்வரிசைப் பூக்கார அக்கா தடுமாறாமல் சொல்வார்.

ஆற்றில் வெள்ளம் வருகிறதென்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்ன காலையில், அவர் பூவும் சூடமும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். தடுத்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "புதுத்தண்ணி வருது. ஆத்தாளக் கும்பிடாம மேட்டுல போய் நிக்கவா?" என்றாராம். உடல்தான் கிடைத்தது.

இந்த மாத மடலில் கயிறு, மிதவை, விசில் எல்லாம் பளபளக்கின்றன. வருகிற தண்ணீரைக் கும்பிடுகிறவர்களிடம் என்ன சொல்வதென்று ஒரு வரி கிடையாது. என்ன மடலோ!

காரியம் முடிந்ததும் அவர் மகள் பூவோடு அதே கரைக்கு இறங்கினாள். நானும் கூடவே இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.